காலில்லாத பூச்சி

பிள்ளைகளே, நம் வீட்டில் யாராவது "பூச்சி" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் உடனே "கால் இருக்கா, இல்லையா?" என்று கேட்க வேண்டும். இது நம் வீட்டுச் சட்டம். உங்கள் கூட்டாளிகள் வீட்டில் இப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே போய்க் கேட்டீர்கள் என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தக் கேள்வி நமக்கு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். மூத்தவளுக்குப் பாதி தெரியும். சின்னவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தான்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். ஆனால் நடந்ததைத் திருத்தக் கூடாது.

பெக்கான் நானாஸில் நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது அது. வரிசையில் நம்முடையதுதான் கடைசி வீடு. சமையலறைச் சன்னலைத் திறந்தால் அன்னாசித் தோட்டம். சில மாதத்திலேயே அதன் ஒரு பக்கத்தில் மண்வாரி இயந்திரம் வந்து இறங்கியது. புதிதாக ஒரு தாமான் கட்டப் போகிறார்கள், வீடுகள் வரப் போகின்றன என்றார்கள். இயந்திரம் செடிகளைப் புரட்டிப் போட்ட இடத்திலெல்லாம் கரி மாதிரி கறுப்பு மண் தெரியும். அந்த மண்ணுக்குள் என்னென்ன குடியிருந்தன, அதெல்லாம் இனி எங்கே போகும் என்று சில வேளை நினைப்பேன். நினைப்பதோடு சரி, சன்னலைச் சாத்திவிட்டு வந்துவிடுவேன்.

உங்கள் அம்மா தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். உள்ளே போகும்போது கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வேலை முடியும்வரை யாரும் கூப்பிட முடியாது. சின்னவனைப் பார்த்துக்கொள்வதற்காக பெக்கோக்கிலிருந்து உங்கள் பெரியம்மா வந்து தங்கியிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். அவர் சாமி கும்பிடுகிறவர், நாம் சபைக்குப் போகிறவர்கள். அதற்காக எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. நான் ஜெபம் பண்ணும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவர் திருநீறு பூசும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

நம் சபை டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அங்கே ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என் பொறுப்பு. அந்த மாதம் மூன்று வாரப் பாடம். முதல் வாரம் கர்த்தர் உலகத்தைப் படைத்தது. இரண்டாம் வாரம் மனுஷன் கர்த்தர் பேச்சை மீறி விழுந்தது. மூன்றாம் வாரம், கெட்டுப்போன உலகத்தைக் கர்த்தர் ஒரு நாள் திரும்பவும் சீராக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய அட்டை. முதல் அட்டையில் மிருகங்கள் எல்லாம் ஆதாமின் முன்னால் வரிசையாக நின்று பேர் வாங்கும். அடுத்ததில் மரமும் கனியும் பாம்பும். கடைசி அட்டையில் சிங்கம் மாட்டைப் போல வைக்கோல் தின்னும், ஒரு குழந்தை பாம்பு வளையில் கைவிட்டு விளையாடும், ஒன்று இன்னொன்றைக் கடிக்காது.

படங்களை எல்லாம் பழைய காலண்டர்களிலிருந்து வெட்டிச் சேர்த்திருந்தோம். பசுமாடு நிறையக் கிடைத்தது. சிங்கம்கூடக் கிடைத்தது. பாம்பு ஒன்றே ஒன்றுதான். மூன்று அட்டைக்கும் அதே பாம்பைத்தான் கழற்றிக் கழற்றி ஒட்ட வேண்டும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் நானும் மூத்தவளும் சபையில் உட்கார்ந்து முதல் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தோம். மூத்தவள் பாம்புப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்பா, இதுக்குக் கால் இல்லையே."

"பாம்புக்கு ஏதும்மா காலு?"

"நீங்கதான சொன்னீங்க, கடவுள் சாபம் குடுத்தப்புறம்தான் அது வயித்தால ஊர்ந்து போச்சுன்னு. அப்ப மொத வாரத்துல கால் இருக்கணும்ல?"

"இருந்திருக்கும் போல" என்றேன்.

"எத்தன காலு?"

"அதெல்லாம் எழுதல லா."

"அப்ப நாலு போடறேன். பல்லி மாதிரி."

"இப்ப கால் போட்டுட்டா அடுத்த வாரத்துக்கு என்ன பண்றது? நம்மகிட்ட ஒரு பாம்புதான் இருக்கு."

"அடுத்த வாரம் கால வெட்டிடலாம். அதான சாபம்?" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து முதல் காலை வரைய ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பெரியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. கீழே டயர் கடையில் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க?" பெரியம்மாவின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பிள்ளை தூங்குகிறான், அதனால்தான் மெதுவாகப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"சபையிலக்கா. என்ன?"

"வீட்டுக்குள்ள பூச்சி வந்திருக்கு. பிள்ள தூங்கற ரூம்புல. தொட்டிலுக்குக் கீழ."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பூச்சிக்கா போன் போடறீங்க? சப்பாத்த எடுத்து ஒரு போடு போடுங்கக்கா."

"அய்யோ, வாயால அப்படிச் சொல்லாதீங்க தம்பி! அடிக்கறதாவது! குடும்பத்துக்கு ஆவாது. நான் கதவுகிட்டயே நிக்கறேன், உள்ள போவ முடியல. சீக்கிரம் வந்துருங்க."

அது புரட்டாசி மாதம். பெரியம்மா மீன் இறைச்சி தொடாமல் விரதம் இருந்தார். விரதத்தில் ஒரு கரப்பானைக்கூடக் கொல்ல மனம் வரவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்கக்கா, இந்த அட்டைய முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"பெரியம்மாவா?" என்றாள் மூத்தவள். அவள் இரண்டாவது காலை வரைந்துகொண்டிருந்தாள்.

"ஆமா. கரப்பான்பூச்சியப் பாத்து பயந்துட்டாங்க."

"கரப்பான்னு சொன்னாங்களா?"

"பூச்சின்னாங்க."

"கரப்பான்னா லிப்பாஸ்னுதான சொல்வாங்க?" அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "இருட்டப் போவுதுல்லப்பா. இருட்டுனா அவங்க பேரச் சொல்ல மாட்டாங்க. பேரச் சொன்னா வந்துருமாம். அதான் இதப் போயி பூச்சின்னு சொல்வாங்க."

இதை என்று சொல்லும்போது கையிலிருந்த படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பிள்ளைகளே, பயம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. அட்டையில் ஆதாம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு பசுமாடு தொங்குகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொட்டிலுக்குக் கீழே. பெரியம்மா சொன்னது அதுதான். நம் வீட்டுத் தொட்டில் ஸ்பிரிங்கில் தொங்கும் துணித் தொட்டில். சின்னவன் அசைந்தால் அதுவும் மேலும் கீழும் ஆடும். அவன் எட்டு மாதத்திலேயே நல்ல கனம். துணியின் அடி தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது.

மூத்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். காரை எடுத்தபடியே பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பாம்பா?"

"ஷ்ஷ்ஷ்! பேரச் சொல்லாதீங்க!"

அந்த 'ஷ்ஷ்ஷ்' எனக்குப் போதுமாக இருந்தது. அடுத்து அவசர எண்ணை அழுத்தினேன். எதிர்முனையில் ஒரு பெண் மலாயில் கேட்க, வீட்டுக்குள் ஊலார், அதாவது பாம்பு, குழந்தை இருக்கிற அறையில், சீக்கிரம் பொம்பாவை அனுப்புங்கள் என்று சொன்னேன். பொம்பாக்காரர்கள் தீயை அணைப்பது மட்டுமல்ல, வீட்டுக்குள் வரும் பாம்பையும் அவர்கள்தான் பிடிப்பார்கள். அந்தப் பெண் என் முகவரியை இரண்டாம் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் கைப்பேசி எங்கேயோ ஒரு பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

சமிக்ஞை விளக்கில் அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னால் நின்றது. பச்சை விழுந்தும் அது நகரவில்லை. பள்ளிவாசலில் மகரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்து இருக்கையில் மூத்தவள் அந்தப் படத்தை இன்னும் கையில் வைத்திருந்தாள். அப்போது அதற்கு இரண்டு கால்தான்.

"அப்பா, தம்பி செத்துருவானா?"

"ஜெபம் பண்ணும்மா."

"பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நான் கால் வரஞ்சதாலயா அது நடந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இல்ல." என்றேன். அவள் படத்தைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் மூத்தவளைக் காருக்குள்ளேயே இருக்கச் சொன்னேன். கொல்லையில் அன்னாசி வெட்டும் நீளமான பாராங் கத்தி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனேன். பெரியம்மா அறை வாசலில், ஒரு கையில் பால் போத்தலோடு, நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தார். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, மெதுவாக வா என்று காட்டினார்.

அறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டில் அசையாமல் தொங்கியது. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கறுப்புச் சுருள். யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போன மாதிரி. அப்புறம் அந்தக் குழாயில் ஒரு பாகம் மட்டும் மெதுவாக நகர்ந்தது.

நல்ல பாம்பு. அதுவும் கறுப்பு. விஷத்தைக் கண்ணுக்குத் துப்பும் ஜாதி.

சொல்வதற்கு வெட்கமாக இல்லை: என் முழங்கால் நடுங்கியது. எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் அது கிடந்தது. பாய்ந்து வெட்டலாம். ஸ்திரீயின் வித்து, அதாவது பெண் வயிற்றில் பிறப்பவர், பாம்பின் தலையை நசுக்குவார் என்று வேதத்தில் இருப்பதை எத்தனை தடவை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! சொல்லும்போது காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதித்துக் காட்டுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். இங்கே என் கால் தரையை விட்டு எழவில்லை. வெட்டுத் தவறினால் அது மேலேதான் எழும்பும். மேலே தொட்டில்.

"கத்திய கீழ வைங்க தம்பி" என்றார் பெரியம்மா, உதடு அசையாமல். "அதுக்குக் கோவம் வரக் கூடாது."

கத்தியைச் சுவரோடு சாய்த்து வைத்தேன்.

பெரியம்மா அதனோடு பேச ஆரம்பித்தார். "ராசா... நீ பெரியவன். வழி தவறி வந்துட்ட. அது பச்சப் புள்ள ராசா. ஒண்ணும் அறியாது. நீ வந்த வழியே போயிரு, நான் உனக்குப் பால் வைக்கறேன்..."

வேறு ஒரு நாளாக இருந்தால், என் வீட்டில் பாம்பைப் போய் ராசா என்பதா என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. எனக்கு ஜெபமும் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்ற ஒரு வார்த்தை மட்டும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. அவர் அதைப் பார்த்துக் கெஞ்சினார், நான் அதைப் படைத்தவரைப் பார்த்துக் கெஞ்சினேன். கேட்டது இரண்டு பேரும் ஒன்றைத்தான்.

அப்போது தொட்டில் அசைந்தது.

சின்னவன் விழித்துக்கொண்டான். முதலில் துணிக்குள் ஒரு முண்டல். அப்புறம் ஒரு சிணுங்கல். பசி நேரம் அது. கால் இரண்டையும் உதைத்தான். ஸ்பிரிங் கிரீச்சென்றது, தொட்டில் ஒரு தடவை இறங்கி ஏறியது. கீழே அந்தச் சுருள் அவிழ்ந்தது. தலை எழும்பியது. கழுத்து விரிந்தது. நான் படத்தில் பார்த்திருக்கிறேன், கோவில் சிலையில் பார்த்திருக்கிறேன், உயிரோடு ஒரு படம் விரிவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தொட்டில் இறங்கும்போதெல்லாம் அது பின்னால் சாயும், ஏறும்போது முன்னால் வரும்.

துணியின் இடுக்கில் சின்னவனின் கை வெளியே வந்தது. ஐந்து விரலும் விரித்தபடி, கீழ்நோக்கி, எதையோ பிடிக்கப் போகிற மாதிரி.

பிள்ளைகளே, என் மூன்றாவது அட்டை அதுதான். பாம்பு, அதற்கு மேல் ஒரு குழந்தையின் கை. நான் எத்தனையோ வருஷம் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்த காட்சி. அதைக் கண்ணுக்கு முன்னால் பார்த்தபோது, நரகம் என்று ஒன்று இருந்தால் இதுதான் என்று தோன்றியது.

"பாடுங்க தம்பி" என்றார் பெரியம்மா. "பிள்ள ஆடக் கூடாது. குரல் கேட்டா அடங்குவான். பாடுங்க."

அவரே ஆராரோ என்று இழுத்தார். நானும் இழுத்தேன். என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியது. வார்த்தை ஒன்றும் கிடையாது, வெறும் ஆராரோ மட்டும். சின்னவன் ஒரு நொடி நின்றான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறான் போல. திரும்ப ஒரு உதை. நாங்கள் விடவில்லை. மெதுவாக ஸ்பிரிங்கின் சத்தம் குறைந்தது. தொட்டில் சும்மா தொங்கியது. கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டே இருந்தது. பாம்பு அதைப் பார்த்தபடி இருந்தது. விரித்த கழுத்தை அது மடக்கவில்லை, ஆனால் ஆடுவதை நிறுத்தியது.

எவ்வளவு நேரம் பாடினோம் என்று எனக்குத் தெரியாது. தொண்டை காய்ந்துபோனது தெரியும். பெரியம்மாவின் கையிலிருந்த போத்தல் சாய்ந்து, பால் சொட்டுச் சொட்டாக என் காலில் விழுந்தது தெரியும்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பொம்பாக்காரர்கள் இரண்டு பேர். முன்னால் வந்தவர் முகத்துக்குக் கண்ணாடி மூடி போட்டிருந்தார், கையில் நீளமான இடுக்கி. என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, மலாயில் மெதுவாகக் கேட்டார்: "ஊலார் அப்பா?"

என்ன பாம்பு என்று அர்த்தம். "செண்டோக்" என்றேன். நல்ல பாம்புக்கு மலாயில் அந்தப் பேர். அவர் எங்கள் இருவரையும் பின்னால் நகர்த்திவிட்டு, சுவரோரமாக உள்ளே போனார். பாம்பு தொட்டிலை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியது. அதைத்தான் அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஏதோ தெறித்து அவருடைய கண்ணாடி மூடியில் வழிந்தது. இடுக்கி இறங்கியது. அந்தக் கறுப்பு உடம்பு அவர் கையைச் சுற்றி முறுக்கிக்கொள்ள, இன்னொருவர் சாக்கை விரித்தார். அதற்குள் நான் தொட்டிலிலிருந்து சின்னவனை அள்ளியெடுத்திருந்தேன். எப்படி அறைக்குள் போனேன் என்றே நினைவில்லை. அவனைத் தலைகீழாகத் தூக்கியிருக்கிறேன் என்று பெரியம்மா பிற்பாடு சொன்னார். அவன் அப்போதுதான் வீறிட்டு அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கை, கால், விரல், காது எல்லாம் பார்த்தோம். ஒரு கீறல் இல்லை.

பெரியம்மா சாக்கைப் பிடித்திருந்தவரிடம் போய், அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். காட்டில் விட்டுவிடுவோம் என்றார் அவர். "அடிக்க மாட்டீங்கதான?" என்று பெரியம்மா தமிழிலேயே இன்னொரு தடவை கேட்டார். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினார். போகும்போது கையை நீட்டிப் பின்பக்கத்துத் தோட்டத்தைக் காட்டி, மண்ணைக் கிண்டுகிற வரைக்கும் இன்னும் வரும், கதவிடுக்கை அடைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மா தன் பையிலிருந்து திருநீற்றை எடுத்துச் சின்னவன் நெற்றியில் ஒரு கீற்று இழுத்தார். இழுத்த பிறகுதான் நான் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. அவன் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் எனக்குக் கோபமும் வந்தது. "அக்கா, போன்லயே பேரச் சொல்லியிருந்தீங்கன்னா நான் அப்பவே பறந்து வந்திருப்பேனே!"

"பேரச் சொன்னா அது வந்திருக்கும்ல?"

"அதான் வந்துருச்சே!"

"இன்னொண்ணு வந்திருக்கும்ல!" என்றார் பெரியம்மா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காரிலிருந்து இறங்கி ஓடிவந்த மூத்தவள் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அழுது முடித்த பிறகு அவள்தான் எல்லாரையும் சிரிக்க வைத்தாள். "நான் சன்னல்கிட்ட வந்து நின்னேன்ல, அந்த அங்கிள் கேட்டது எனக்குக் கேட்டுச்சு. உங்களத்தான் கூப்பிட்டாருப்பா. ஊலார் அப்பா! ஊலார் அப்பா!" சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் கட்டிலுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வேலை முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு கை கால் எல்லாவற்றையும் திரும்பவும் தடவிப் பார்த்தாள். அப்புறம் எனக்குத்தான் விழுந்தது. "பெக்கோக் தோட்டத்துல பொறந்தவளக் கட்டிக்கிட்டு, பூச்சின்னா என்னன்னு தெரியாதா உங்களுக்கு? நானும் சின்ன வயசுல அப்படித்தான சொல்லுவேன்!"

"நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நம்ம வீட்டுக்கு வந்ததில்லையே, அதான் சொல்லல."

மறுநாள் ஞாயிறு பள்ளி. முதல் அட்டையில் மூத்தவள் அந்தப் பாம்பை ஒட்டினாள். இரண்டு காலோடு. மீதி இரண்டு காலை அவள் வரைய மாட்டேன் என்றுவிட்டாள். ஆதாமுக்குப் பக்கத்தில், பசுவுக்கும் மானுக்கும் நடுவில் அது நின்றது. நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்: கர்த்தர் மனுஷனுக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று பேர் வைப்பது. எல்லா உயிரும் அவன் முன்னால் வந்து நின்றன. அவன் ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேரே பார்த்துக் கூப்பிட்டான். இதையும் அப்படித்தான் கூப்பிட்டான். அப்போது அவனுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது.

இதை நான் பல தடவை நடத்தியிருக்கிறேன். ஆனால் மனுஷன் விழுந்தான் என்றால் என்ன என்பது அந்த வாரம்தான் எனக்கு விளங்கிய மாதிரி இருந்தது. பேர் வைத்தவனுடைய பிள்ளைகள் நாம். இருட்டினால் அந்தப் பேரை வாயால் சொல்லப் பயந்து சாகிறோம். அதுவும் நம்மைப் பார்த்துப் பயந்துதான் படம் எடுக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் பயப்படாமல் இருந்தது ஒருவன்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பயமில்லை.

மூன்றாவது வாரம் வந்தது. காலை வெட்டிய பாம்பை எடுத்துக் கடைசி அட்டையில், குழந்தையின் கைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னால் ஒட்ட முடியவில்லை. காகிதம்தான். ஆனாலும் கை போகவில்லை. மூத்தவள் எழுந்து வந்து, என் கையிலிருந்து வாங்கி, அவளே ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அந்த நாள் வரும் என்று நான் நம்புகிறேன். அதை உங்களுக்குச் சந்தேகமில்லாமல் எழுதி வைக்கிறேன். கிண்டிப் போட்ட கறுப்பு மண்ணும், வீடில்லாமல் நம் வீட்டுக்குள் வந்த அந்த ஜீவனும், நடுங்குகிற என் முழங்காலும், எல்லாம் சீராகும். ஆனால் நம்புவது வேறு, பயப்படாமல் இருப்பது வேறு. அந்த நாளிலும் நீங்கள் ஒரு வளையில் கையை விடுவதைப் பார்த்தால், முதல் தடவை நான் உங்களைப் பிடித்து இழுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். கர்த்தர் அதைப் பொறுத்துக்கொள்வார். அவருக்குப் பிள்ளை வளர்க்கிறவனைத் தெரியும்.

பின்பக்கத்து இயந்திரம் இன்னும் போகவில்லை. கதவிடுக்கில் ரப்பர் பட்டை அடித்திருக்கிறேன். தொட்டிலை உயர்த்திக் கட்டினோம்; அப்புறம் சின்னவன் வளர்ந்து தொட்டிலே வேண்டாம் என்றாகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் நான் ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

சின்னவன் இப்போது நடக்கிறான், பேச ஆரம்பித்திருக்கிறான். அவனுக்கு வரும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று பூச்சி. பெரியம்மா சொல்லிக் கொடுத்தாரா, எங்கள் வாயிலிருந்து பிடித்துக்கொண்டானா தெரியவில்லை. பூனையைக் காட்டிப் பூச்சி என்கிறான். பல்லியும் பூச்சி, தொழிற்சாலை பஸ்ஸும் பூச்சி. ஆதாம் மாதிரி உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பேர் வைத்துக்கொண்டு போகிறான், ஒரே ஒரு பேர்தான் கையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அவன் சொல்லும்போதும் இந்த வீட்டில் எல்லாரும் ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறோம்.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு, எனக்குப் பின்னால் விரலை நீட்டினான்.

"பூச்சி."

நான் திரும்பவில்லை. "கால் இருக்கா, இல்லையா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். அப்புறம் தன்னுடைய ஒரு காலைத் தூக்கி, எனக்குக் காட்டினான்.

அவனை வாரித் தூக்கிக்கொண்டேன். தூக்கிக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தேன்.